தருமபுரி, கிருஷ்ணகிரியில் 3 நாள்: கல்லைப் படித்தபடி ஊர் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்களுக்குத் தருமபுரி என்றால் தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி என்றால் டோல்கேட். நடுவில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான் இந்த ஊர்க்காரன். வெளியூர் நண்பர்கள் வந்தால் சுற்றிக் காட்டுவது என் வேலை. ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் நேராக ஒகேனக்கலுக்கு அழைத்துப்போய், பரிசலில் ஏற்றி, மீன் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர்களுக்கு அருவி மனதில் நின்றது, ஊர் நிற்கவில்லை. அப்புறம்தான் வரிசையை மாற்றினேன்.

இங்கே தாஜ்மகால் போலத் தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும் கட்டடம் கிடையாது. இருப்பதெல்லாம் கல். புளியமரத்தடியில் சாய்ந்து நிற்கும் கல், பாறைமேல் பெட்டி போல அடுக்கிய கல், மலையுச்சியில் மதிலாக ஓடும் கல். படிக்கத் தெரியாமல் போனால் மூன்று நாளும் வெயில்தான் மிச்சம். அதனால் முதல் நாள் காலை படிக்கக் கற்றுக்கொள்வது, பிறகு வெளியே போய்ப் பார்ப்பது. இந்த வழிகாட்டியின் வரிசை அதுதான். தயவுசெய்து மாற்றாதீர்கள்.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது நல்லது. மார்ச் பாதியிலேயே பாறை சுட ஆரம்பித்துவிடும். மாம்பழத்துக்காக மே, ஜூனில் வருகிறவர்கள் மலை ஏறுவதைக் காலை 6 மணிக்கே தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். நான் ஒரு ஏப்ரலில் பதினொரு மணிக்குமேல், ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு இரண்டு நண்பர்களைப் பாறைமேல் அழைத்துப்போனேன். ஒருவருக்குத் தலைசுற்றி, நிழலே இல்லாத இடத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் இல்லாமல் எந்த மலைக்கும் நான் கிளம்புவதில்லை.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஓமலூர் வழியாகப் போகும் சேலம்-பெங்களூரு பாதையில் தருமபுரி, ராயக்கோட்டை, ஓசூர் நிலையங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் கிராமங்களுக்குள் போக இருசக்கர வண்டிதான் சரி.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை திறக்காது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் (தொல்லியல் பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம்) வாரவிடுமுறை உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். அதைப் பார்க்க வேண்டும் என்று வந்தால் சரி, இல்லையென்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓசூர், தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருதுவும் சேர்ந்துகொள்ளும். தமிழில் கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள்.

முதல் படி: தருமபுரி அகழ்வைப்பகத்தில் இரண்டு மணி நேரம்

பெரிய கட்டடம் இல்லை. அரைமணியில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது நடுகல்லைப் படிப்பது.

நடுகல் என்பது சண்டையில் இறந்தவனுக்கு நட்ட கல். பெரும்பாலும் மாட்டுச் சண்டை. ஒரு கூட்டம் அடுத்த ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும், அந்த ஊர்க்காரன் துரத்திப்போய் மீட்பான், அதில் உயிர் போகும். தமிழ் இலக்கணம் வெட்சி, கரந்தை என்று பிரித்துச் சொல்வது இந்தச் சண்டையைத்தான். ஆக, கல்லின் முன்னால் நின்றதும் முதலில் வீரனின் கையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கையில் வில், மறுகையில் குறுவாள் இருக்கும். உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு காலடிக்குப் போங்கள். மாடுகள் செதுக்கியிருந்தால் அது தொறுப்பூசல், அதாவது மாட்டுச் சண்டை. புலி எதிரே எழுந்து நின்றால் அவன் புலியோடு போராடிச் செத்தவன். காலுக்குப் பக்கத்தில் மூக்கு வைத்த கெண்டியும் சின்னச் சிமிழும் இருந்தால் அது பழைய பாணிக் கல். மூன்று அடுக்காகப் பிரித்து, கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் இருபக்கமும் தாங்கி வானுலகம் கொண்டுபோவது, மேலே லிங்கத்தின் முன்னால் அமர்ந்திருப்பது என்று இருந்தால் அது பிற்காலம். பக்கத்தில் வளையல் அணிந்த கையை உயர்த்தியபடி ஒரு பெண் நின்றால், அவள் அவனோடு தீயில் இறங்கியவள். அந்தக் கல்லுக்கு முன்னால் சற்று நேரம் பேசாமல் நிற்கத் தோன்றும்.

பழைய கற்களில் எழுத்து வட்டெழுத்தாக, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவமாக இருக்கும். முழுவதும் படிக்கத் தேவையில்லை, ஐந்து சொல் போதும். ‘கோவிசைய’ என்று தொடங்கினால் அரசன் பெயர் வரப்போகிறது. ‘யாண்டு’ என்றால் அவன் ஆட்சி ஆண்டு. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. ‘மீட்டு’ என்றால் பறிபோனதைத் திரும்பக் கொண்டுவந்து. ‘பட்டான் கல்’ என்றால் இறந்தவனுடைய கல். காவலரிடம் கேட்டுவிட்டு, செல்போன் டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் ஒட்டினாற்போலப் பிடியுங்கள். பகலில் மழுங்கலாகத் தெரிந்த கோடுகள் நிழலோடு எழுந்து வரும். நாளைக்கு வயல்வெளியில் இதே வித்தைதான் கை கொடுக்கும்.

இந்தப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழி மைல்கல்லைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவல்தாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் (பழைய தூர அளவு) என்பதை எழுத்தால் வெட்டி, எண்ணாலும் குறித்து, அதோடு குழிகளும் பறித்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்று பத்துக்குச் சமம், சின்னக் குழி ஒன்றுக்குச் சமம். 29 காதம் என்றால் பெரிய குழி 2, சின்னக் குழி 9. எழுத்து தெரியாதவன் எண்ணிப் பார்த்துக்கொள்வான், இருட்டில் வருகிறவன் தடவியே தெரிந்துகொள்வான். வழிப்போக்கன்மேல் இவ்வளவு அக்கறை வைத்த ஒரு சாலையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் படி: கோட்டைக் கோயிலும் அதியமான்கோட்டையும்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். கோட்டை என்று பெயர்தான் மிச்சம், மதில் இல்லை. உள்ளே மல்லிகார்ச்சுனர்-காமாட்சி கோயிலும் பரவாசுதேவர் கோயிலும் இருக்கின்றன. மல்லிகார்ச்சுனர் கோயில், ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட நுளம்பர் காலத்துச் சாயல் கொண்டது. தரையைத் தொடாமல் நிற்கும் தூணை எல்லோரும் காட்டுவார்கள், அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். பாருங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு திரும்பிவிடாமல் காமாட்சி சன்னதியின் அடிப்பக்கம் குனிந்து ஒரு சுற்று வாருங்கள். உள்ளங்கை அளவில் ராமாயணக் காட்சிகள் வரிசையாக ஓடும். குழந்தைகளை அழைத்து வந்தால் அவர்கள் உயரத்துக்கு அது சரியாக இருக்கும்.

மாலையில் அதியமான்கோட்டை. தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் பதினைந்து நிமிடம். இங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் மேற்கூரையைப் பாருங்கள். ராமாயணமும் மகாபாரதமும் வண்ண ஓவியங்களாக இருக்கின்றன. பல இடங்களில் புகையேறி மங்கிவிட்டன. கழுத்து வலிக்காமல் பார்க்க ஒரு வழி உண்டு: கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டு அதில் பார்க்கலாம். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், ஓவியத்துக்கு அது கேடு.

அதியமானைப் பற்றித் தெரியாமல் இந்த ஊரில் நிற்பது வீண். நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துச் சத்தியபுத்திரர் என்று ஒரு தென்னாட்டு மரபைச் சொல்கிறான். அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதிட்டார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்று அதில் இருந்தது. வாதம் முடிந்தது. தகடூர்க்காரர்கள் அசோகனுக்குத் தெரிந்த ஆட்கள்.

பிறகு சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். அதியமான் அஞ்சி இறந்தபின் அவனுக்கும் ஒரு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைத்தார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவை கேட்கும் புறநானூற்றுப் பாட்டை, காலையில் நடுகற்களைப் பார்த்துவிட்டு மாலையில் இந்த ஊரில் நின்று நினைத்துப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

இரவுத் தங்கலைக் கிருஷ்ணகிரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் விடிகாலை மலை ஏற வேண்டும்.

மூன்றாம் படி: கிருஷ்ணகிரி மலை

ஊர்க்காரர்கள் சையத் பாஷா மலை என்பார்கள். பழையபேட்டைப் பக்கமிருந்து ஏற வேண்டும். மேலே தர்கா இருக்கிறது, மதில்கள் இருக்கின்றன, பாறையில் மழைநீர் தேங்கும் சுனைகள் இருக்கின்றன. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம்.

பாரமகால் என்று இந்த நாட்டை அழைத்தார்கள். பன்னிரண்டு கோட்டைகள் உள்ள நாடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். விஜயநகரக் காலத்தின் பிற்பகுதியில் ஜெகதேவராயர் ஆண்டார், ஜெகதேவி என்ற ஊர் அவர் பெயரில் இன்னும் இருக்கிறது. பிறகு மைசூர் ஹைதர் அலி, திப்பு கைக்குப் போனது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதி இந்த மலையைத் தாக்கினார். கீழ்ப்பகுதியைப் பிடித்துவிட்டார், மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேலேயிருந்து உருட்டிவிட்ட பாறைகளில் ஆட்கள் நசுங்க, பின்வாங்கினார். பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கும்போது திரும்பிக் கீழே பாருங்கள். அந்தச் சரிவில் கல் உருண்டு வந்தால் ஒதுங்க இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள், சண்டை ஏன் அப்படி முடிந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாரமகால் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்கு வந்தது. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை இங்கேதான், அலெக்சாண்டர் ரீடின் கீழ், நில வரி வசூலிக்கும் வேலை பழகினார். விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவான மண் இது.

இறங்கியதும் நல்ல பசி இருக்கும். ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைத்தால் விடாதீர்கள். டீக்கடையில் நிப்பட்டு இருந்தால் வழிக்கு இரண்டு கட்டிக்கொள்ளுங்கள். பிறகு அரசு அருங்காட்சியகம், ஒரு மணி நேரம். காமராஜர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பூங்காவில் குழந்தைகள் விளையாட வேண்டுமென்றால் போகலாம்.

நான்காம் படி: மல்லசந்திரம்

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் மல்லசந்திரத்தைத்தான் சொல்வேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் சாலையில், சூளகிரிப் பக்கம் பிரிந்து உள்ளே போக வேண்டும். மாலை 4 மணிக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். வழி கேட்கும்போது ‘தொல்லியல் சின்னம் எங்கே’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. நான் முதல்முறை அப்படித்தான் கேட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “பாண்டவர் வீட்டுக்கா சாமி? அந்தப் பாறை மேல ஏறுங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கியது என்று சிலரும், குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று சிலரும் சொல்வார்கள்.

உண்மையில் அவை பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள், இறந்தவர்களுக்கான வீடுகள். நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை, இடுதுளை என்பார்கள். சுற்றிலும் பலகைக் கற்களை வட்டமாக நட்டிருப்பதைக் கவனியுங்கள். சிலவற்றின் தலை வளைவாக, சில தட்டையாக, மாற்றி மாற்றி வரும். சிலவற்றின் உட்பக்கம் வெள்ளை நிறத்தில் ஓவியம் உண்டு. மேல்பலகையின் விளிம்பைப் பாருங்கள், எத்தனை பேர் தூக்கியிருக்க வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். மாலை வெயில் துளை வழியாக உள்ளே விழும் நேரத்தில் போனால் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்காது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைக் காண உலகமே டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கிறது. நம் பாறையில் நீங்களும் ஆடுகளும் மட்டும்தான் இருப்பீர்கள்.

பலகைமேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். ஒரு பலகை நழுவினால் மொத்தமும் சரியும். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள், பாறைச் சரிவில் வழி தெரியாது.

பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை என்ற பெயரைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்புக் காலத்துச் சான்றின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் இரும்பு 4200 ஆண்டு பழையது என்று பேச வைத்த ஊர் அது. ஆனால் அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவார்கள். ஆர்வமும் ஒரு முழுக் காலைப்பொழுதும் கையில் இருந்தால் மட்டும் போங்கள்.

ஐந்தாம் படி: மூன்றாம் நாளில் ஒரு திசை

இரண்டு திசையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

வடமேற்கே போனால் ராயக்கோட்டை. மைசூருக்கு ஏறும் வழியைக் காத்த மலைக்கோட்டை, 1791 ஜூலையில் ஆங்கிலேயர் பிடித்தது. கிருஷ்ணகிரி மலையைவிட இங்கே ஆள் நடமாட்டம் குறைவு, தனியாக ஏறாதீர்கள். அங்கிருந்து ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10இல் ராஜாஜி பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியக் கவர்னர் ஜெனரல் பிறந்த வீடு எவ்வளவு சிறியது என்று பார்க்கவே போகலாம்.

மேற்கே போனால் பாப்பாரப்பட்டி. நான் இந்தத் திசையைத்தான் பரிந்துரைப்பேன். சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்த சுப்பிரமணிய சிவா, பாரத மாதாவுக்குக் கோயில் கட்டத் தேர்ந்தெடுத்த ஊர் இது. 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயிலைக் காணாமலே 1925 ஜூலை 23இல் சிவா இங்கேயே இறந்தார். மணிமண்டபம் இருக்கிறது, பாரத மாதா நினைவாலயம் இப்போது எழுந்திருக்கிறது. அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்விடலாம். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றபடி ஒகேனக்கலுக்கு என் வழிகாட்டல் தேவையில்லை.

அரூர் பக்கம் தீர்த்தமலைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் நான்காவதாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பாறையிலிருந்து சொட்டும் ராமர் தீர்த்தமும் சோழர் காலக் கல்வெட்டுகளும் ஒரு காலைப்பொழுதுக்கு நிறைய. கையில் பழப்பை இருந்தால் குரங்கு விடாது.

கடைசிப் படி: வழியில் வேடியப்பன்

மூன்று நாளும் கிராமச் சாலைகளில் போகும்போது வேடியப்பன் கோயில் என்ற பலகையைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். உள்ளே சாமியாக இருப்பது பெரும்பாலும் ஒரு நடுகல்தான். எண்ணெயும் மஞ்சளும் பூசியிருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் “அண்ணா, சாமியை ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அகழ்வைப்பகத்தில் கற்ற ஐந்து சொல்லையும் அங்கே தேடிப் பாருங்கள்.

சில நேரம் யாரும் கவனிக்காத கல் கண்ணில் படும். என் சித்தப்பா ஊரில் பம்புசெட்டு தொட்டியோரம் துணி துவைக்கப் போட்டிருந்த கல்லை ஒருநாள் புரட்டிப் பார்த்தோம். வில் ஏந்திய வீரன், காலடியில் இரண்டு மாடு. சோப்புத் தண்ணீர் படாத பக்கம் கீழே இருந்ததால் முகம்கூடத் தேயாமல் இருந்தது. சித்தி அன்றே வேறு கல் பார்த்துக்கொண்டார். கல்லை வேப்பமரத்தடியில் நிமிர்த்தி வைத்தோம், இப்போது ஆடிமாதம் பொங்கல் வைக்கிறார்கள்.

அப்படி ஏதாவது கண்டால் சுண்ணாம்போ சாக்பீஸோ தடவி எழுத்தை எடுப்பாகக் காட்ட முயலாதீர்கள், தண்ணீர் மட்டும் தெளிக்கலாம். பக்கத்தில் ஒரு பேனாவோ அடிக்கோலோ வைத்து, முன்பக்கம், பின்பக்கம், சுற்றுப்புறம் என்று மூன்று படம் எடுங்கள். ஊர் பெயர், யார் நிலம், கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடமும் கிருஷ்ணகிரி அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ தருமபுரி அகழ்வைப்பகத்திலோ சொல்லுங்கள். கல்லை இடம் மாற்ற வேண்டாம், அவர்கள் வந்து பார்க்கும்வரை அது நட்ட இடத்திலேயே இருக்கட்டும்.